ஜான் ஹண்டரின் இருதயம்

தம் நோயின் காரணம் இன்னதென்று அறியாமலே மாண்டோர் உலகிற் பலர். காரணத்தை ஐயமற அறிந்திருந்தும், அதனை விலக்கும் வழி தம் காலத்தில் இல்லாமையான் மாண்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்து, அறுவை வைத்தியத்தை வெறுங் கைத்தொழில் என்னும் நிலையினின்று சாஸ்திரம் என்னும் நிலைக்கு உயர்த்திய ஜான் ஹண்டர் என்பார். அம்மை குத்தும் முறையை உலகிற்கு வழங்கிய எட்வர்ட் ஜென்னரை அறியாதார் நம்முள் இலர்; அந்த ஜென்னருக்கு ஆசானாய் விளங்கியவர் இவரே. இவர் வாழ்க்கையை முற்றும் எழுதப் புகின் இம்மலரின் பக்கங்கள் போதா. ஆதலின், இருபது ஆண்டுகள் இவர் தம் மார்பினுள்ளே சுமந்து திரிந்த ஒரு நோயை நடுவாக வைத்து, அதனைச் சுற்றி இவர் வரலாற்றை ஒருவாறு கூறத் துணிந்தோம்.

ஹண்டர் 1728-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஸ்காட்லாந்து தேசத்து லானர்க்‌ஷயரில், ஈஸ்ட் கில்பிரைட் என்னும் ஊரையடுத்த லாங் கால்டர்வுட் என்ற பண்ணை வீட்டிலே, பத்துப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்குச் சிறிதும் மனம் பற்றவில்லை. மேகங்களும் புற்களும் ஏன் அவ்வாறு இருக்கின்றன, இலையுதிர் காலத்தில் இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன என்பனவற்றையே அவர் அறிய விரும்பினார். அவற்றிற்கு விடை கூறுவார் அவ்வூரில் ஒருவரும் இலர். பிற்காலத்தே, 1755-ஆம் ஆண்டில், அவரை ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சேர்த்தனர். இலத்தீனும் கிரேக்கமும் தமக்கு ஆகாவென்று கண்டு, இரண்டு மாதமும் நிரம்புவதற்குள் அவர் திரும்பிவிட்டார். பரீட்சைக்குப் படிக்கும் எமக்கு இஃது ஆறுதல் தரும் செய்தியேயாயினும், இதனைப் பின்பற்றுமாறு யாம் எவருக்கும் கூறவில்லை.

அவருடைய தமையனார் வில்லியம் ஹண்டர் என்பவர் இலண்டனில் காவெண்ட் கார்டன் என்னும் இடத்தில் உடற்கூற்றுப் பாடசாலை ஒன்று நடத்திவந்தார். 1748-இல், இருபது வயது இளைஞராய், தமையனாரிடம் போய்ச் சேர்ந்தார் ஜான். இறந்தவர் ஒருவரின் கையைக் கொடுத்துத் தசைகளைப் பிரித்துக் காட்டுமாறு தமையனார் சோதித்தனர். தம்பியின் கத்தி சென்ற நேர்த்தியைக் கண்டு வியந்தனர். அன்று தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாக அப்பிணவறையே ஜானுக்குக் கல்லூரியாயிற்று. அக்காலத்தில் அத்தகைய பாடசாலைகளுக்கு வந்த உடல்களிற் பல, கல்லறைகளினின்றும் இரவோடிரவாகத் திருடப்பட்டவை என்பதை மறைத்தல் முறையன்று. ஏழைகளின் பிரேதங்கள் அவர் கற்றுக்கொண்ட புத்தகங்கள். அப்புத்தகங்களுக்கு உரியோரை ஒருவரும் கேட்டாரில்லை.

1760-இல் அவர் இராணுவ வைத்தியராகச் சேர்ந்து, பிரான்சின் கரையை அடுத்த பெல்-ஈல் என்னும் தீவிலும் பின்னர்ப் போர்ச்சுக்கல் தேசத்திலும் பணியாற்றினார். துப்பாக்கிக் குண்டு பாய்ந்த புண்ணைக் கத்தியால் அகல விரித்து, உள்ளே விரலிட்டுத் துழாவுதலே அந்நாளைய வைத்திய முறை. பெல்-ஈலிலோ, குண்டடிபட்டுச் சில நாட்கள் மறைந்திருந்த பிரெஞ்சு வீரர் சிலர், வைத்தியன் கையே படாமையால், வைத்தியம் பெற்றவரினும் நன்றாகத் தேறியதை அவர் கண்டார். ஏனைய வைத்தியர் இதனைத் தற்செயல் என்று தள்ளியிருப்பர். ஹண்டர் அவ்வாறு தள்ளாமல், புண் தானே ஆறுவதற்கு இடங்கொடுத்தலே நலம் என்று துணிந்தார்.

போர் முடிந்து இலண்டன் திரும்பியபின் அவர் புகழ் விரைந்து வளர்ந்தது. 1767-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினர். 1768-இல் செயிண்ட் ஜார்ஜ் வைத்தியசாலையின் அறுவை வைத்தியர். 1776-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் வைத்தியருள் ஒருவர். இரவில் நான்கு மணி நேரமும் பிற்பகலில் ஒரு மணி நேரமுமே அவர் உறங்கினார் என்பர். விடியுமுன் எழுந்து பிராணிகளை அறுத்து ஆராய்ந்து, பின்னர் நோயாளரைப் பார்த்து, இரவு நெடுநேரம் வரை எழுத்தரிடம் சொல்லி எழுதுவித்தார். பறவை, பாம்பு, மீன், திமிங்கிலம், மனிதர் ஆகியோர் உறுப்புக்களைச் சாராயத்திலிட்டும் உலர்த்தியும் அவர் சேர்த்த காட்சிப் பொருள்கள் பதினாலாயிரம் அளவின. 1783-இல் லெஸ்டர் சதுக்கத்தில் பெரியதொரு மனை வாங்கி அவற்றை அங்கே அடுக்கினார்.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த ஒரு செயல் அவர் பெயருக்கு நீங்காத மாசாயிற்று. அயர்லாந்து தேசத்துச் சார்லஸ் பர்ன் என்னும் நெடிய மனிதர், தம் உடல் ஹண்டர் கையில் அகப்படலாகாதென்று அஞ்சி, தம்மைக் கடலில் அடக்குமாறு நண்பரை வேண்டிக்கொண்டு இறந்தார். ஹண்டரோ பணம் கொடுத்து அவ்வுடலைக் கைப்பற்றி எலும்புக்கூடாக்கிவிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணாடிப் பெட்டியுள் நின்ற அவ்வெலும்புக்கூடு, 2023-இல் அக்காட்சிச்சாலை புதுப்பித்துத் திறக்கப்பட்டபோதுதான் பொதுமக்கள் பார்வையினின்றும் நீக்கப்பட்டது. அறிவு வேட்கை ஒருவரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று யாம் அறியோம்.

1771-இல் ஆன் ஹோம் என்னும் கவிவல்ல மங்கையை அவர் மணந்தார். அவ்வம்மையாரின் பாடல்களுக்கு ஹைடன் என்னும் பேரிசைவாணர் இசையமைத்தனர். அம்மணம் நிகழ்ந்த காலத்தில் ஹண்டர் வீட்டில் தங்கிக் கற்றுவந்த மாணவரே ஜென்னர். ஊர் திரும்பிய பின்னரும் அம்மாணவருக்கு முள்ளெலியின் உடற்சூட்டைப் பற்றியும் குயிலின் கூட்டைப் பற்றியும் ஓயாது கடிதம் எழுதினார் ஆசான். மனத்திலேயே எண்ணிக்கொண்டிராமல் செய்து பார்க்க வேண்டும் என்பதே அவர் மாணவர்க்கெல்லாம் கற்பித்த பாடம்.

இனி அவர் குணத்தைக் கூறல் வேண்டும். ஈகையுடையவர், ஏழைகளிடம் பணம் வாங்காதவர், ஆயினும் முன்கோபி. தம் கூற்றை எவரேனும் மறுப்பின் பொறுக்கமாட்டார். கருப்பையில் தாய்க்கும் சேய்க்கும் இரத்த ஓட்டம் வெவ்வேறென்னும் உண்மையை முதலிற் கண்டவர் யாவர் என்பது பற்றி, 1780-இல், தம்மை வளர்த்து ஆளாக்கிய தமையனாரோடேயே ராயல் சங்கத்தின்முன் வழக்காடினார். அப்பகை வில்லியம் மரணப்படுக்கையிற் கிடந்த 1783 வரையில் தணியவில்லை. வெகுளாமையை நாம் அறநூலிற் படிக்கிறோம். ஹண்டரோ அதனைத் தம் உடலிலேயே படிக்க வேண்டியவரானார்.

அப்பாடம் தொடங்கியது 1773-ஆம் ஆண்டு இளவேனிலில். ஒருநாள் முற்பகலில், மனக்கலக்கம் ஒன்றையடுத்து, இரைப்பையின் அருகே கடும்வலி ஒன்று எழுந்தது. நின்றும் இருந்தும் படுத்தும் பார்த்தார், தணியவில்லை. கண்ணாடியில் நோக்கினார், தம் முகம் பிணத்தின் முகம்போல் வெளுத்திருக்கக் கண்டார். கைந்நாடியைத் தொட்டுப் பார்த்தார். இரு கைகளிலும் துடிப்பில்லை. மூச்சுத் தானே ஓடாமையால், முயன்று முயன்று மூச்சு வாங்கினார். தமையனார் உள்ளிட்ட வைத்தியர் பலர் ஓடிவந்து அபினி கலந்த மருந்து முதலியன கொடுத்தும் பயனில்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்து, வந்தவாறே அது நீங்கிற்று. வலியால் துடித்த அந்நேரத்திலும் தம் நாடியையும் மூச்சையும் முகத்தையும் பிறர் உடலை நோக்குவார்போல் நோக்கிக் குறித்துக்கொண்டார் என்பதே அவர் இயல்பைக் காட்டப் போதும்.

அந்நோய்க்கு அப்போதுதான் ஒரு பெயர் கிடைத்திருந்தது. இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் என்பவர் 1768-இல் வைத்தியர் கழகத்தில் வாசித்து 1772-இல் அச்சிட்ட கட்டுரையில், நடக்கும்போதும் மேடேறும்போதும் மார்பை நெரித்து, நின்றவுடன் நீங்கும் ஒருவகை வலியை விவரித்து, அதற்கு ஆஞ்சைனா என்று பெயரிட்டார். ஆனால் அதன் இருப்பிடம் எதுவென்று அவர் அறியார். அதனை அறிந்தவர் ஜென்னர். ஆஞ்சைனாவால் இறந்தார் ஒருவரின் இருதயத்தை அவர் அறுத்துக்கொண்டிருந்தபோது, கத்தி ஏதோ கரகரப்பான பொருளில் மோதி முனை மழுங்கியது. அவ்வறையின் மேற்றளம் பழையது. அதனினின்றும் சுண்ணக்காரை உதிர்ந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தாராம். காரை அன்று. இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் நாளங்களே எலும்புபோல் இறுகிக் குழாய்களாகிக் கிடந்தன.

1777-இல் ஹண்டர் பாத் நகரத்திற்கு ஓய்வுக்காகச் சென்றிருந்தார். பிணைநின்ற நண்பருக்காகப் பெருந்தொகை கட்டநேர்ந்த கவலையால் முந்திய ஆண்டில் அவருக்குக் கடும் தலைச்சுற்றல் நோய் கண்டிருந்தது. அங்கே தம் ஆசானைக் கண்ட ஜென்னர், இவருக்கும் இருப்பது அதே நோய்தான் என்று உணர்ந்து நடுங்கினார். ஹெபர்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆனால் தம் கண்டுபிடிப்பை அச்சிடவில்லை. அச்சிடின் ஹண்டர் படிப்பார். படிப்பின் தம் நோய் மாறாத நோயென்று அறிந்துவிடுவார் என்பதே அவர் அச்சம். எதனையும் செய்து பார்த்து உண்மை காண்க என்று கற்பித்த ஆசானிடத்திலேயே, கண்ட உண்மையை மாணவர் பல ஆண்டுகள் மறைத்து வைத்தார். இஃது அன்பா, பிழையா என்று யாம் பலகால் எண்ணியதுண்டு. சொல்லியிருந்தாலும் கொடுக்க ஒரு மருந்து இல்லாத காலத்தில், ஜென்னர் செய்தது சரியே என்றுதான் எமக்குத் தோன்றுகிறது.

ஆண்டுகள் செல்லச்செல்ல நோய் அடிக்கடி வந்தது. படியேறினால் வந்தது, விரைந்து நடந்தால் வந்தது, எல்லாவற்றினும் எளிதாக, மனம் பதறினால் வந்தது. தம் தோட்டத்துத் தேன்கூட்டின் ஈக்கள் தாம் ஊருக்குப் புறப்படுமுன் கூட்டமாய் எழுமோ எழாவோ என்ற கவலையால் ஒருமுறை வலி கண்டது. மரத்தடியில் இருந்த பெரிய பூனை ஒன்றைச் சுடத் துப்பாக்கி எடுக்கச் சென்றவர், அது தப்பிவிடுமோ என்ற பரபரப்பாலேயே நோய்ப்பட்டார். வியப்பான செய்தி ஒன்றுண்டு. உருக்கமான கதை ஏதேனும் சொல்லும்போது கண்ணீர் பெருகி, நாத் தழுதழுத்து, நடுவே நிறுத்த நேரும். அப்போதெல்லாம் மார்பு வலித்ததே இல்லை. துயரம் அவரை ஒன்றும் செய்யவில்லை. சினமும் பரபரப்புமே அவரைக் கொன்றுகொண்டிருந்தன. தம்மைச் சீண்ட நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவர் நண்பரிடம் சொல்லிவந்ததாகக் கூறுவர்.

இந்நிலையிலும் அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. 1785 டிசம்பரில், முழங்காலின் பின்புறத்து நாளம் வீங்கிப் பழம்போற் புடைத்திருந்த வண்டிக்காரர் ஒருவர் வந்தார். அந்நாளில் அதற்குக் காலை வெட்டுதல், அன்றேல் வீக்கத்தைக் கீறுதல். இரண்டிலும் பிழைத்தவர் குறைவு. ஹண்டர் வீக்கத்தைத் தொடாமல், நல்ல நிலையில் இருந்த தொடை நாளத்தை மேலே கட்டிவிட்டார். பெருவழி அடைபட்டால் சிறு கிளைகள் விரிந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் என்று அவர் நம்பினார், அவ்வாறே ஆயிற்று. வண்டிக்காரர் காலோடு வீடு திரும்பினார். பிறர் காலுக்கு மாற்றுவழி கண்டவர், தம் இருதயத்தின் நாளங்களுக்கு வழிகாண இயலாமற் போனது நினைக்கத் துயர் தருவதாம்.

1793-ஆம் ஆண்டில் செயிண்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் மாணவர் சேர்க்கையைப் பற்றியும் அவர்கள் கட்டும் பணத்தைப் பற்றியும் ஹண்டருக்கும் ஏனைய அறுவை வைத்தியர்க்கும் பெரும்பிணக்கு மூண்டிருந்தது. முன்பயிற்சி இல்லாதாரைச் சேர்க்கலாகாதென்று புதியதொரு விதி செய்தனர். அதனை அறியாமல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இளைஞர் இருவர் அவரை அடைக்கலம் புகுந்தனர். படிப்பே இல்லாமல் அதே நாட்டிலிருந்து ஒருகாலத்தில் வந்தவர் அவர், எங்ஙனம் மறுப்பார்? அக்டோபர் 16-ஆம் நாள் கூடும் சபையில் அவர்களுக்காகப் பேச ஒப்புக்கொண்டார். பூசல் நேரிட்டால் அது தமக்குக் கேடாய் முடியும் என்று காலையிலேயே நண்பர் ஒருவரிடம் கூறிவிட்டுச் சென்றார்.

சபையில் அவர் பேசிக்கொண்டிருக்கையில், உடனிருந்தார் ஒருவர் அவர் கூற்றை வெளிப்படையாக மறுத்தார். ஹண்டர் பேச்சை நிறுத்தினார். ஒரு சொல்லும் சொல்லாமல், சினத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார். அங்கே ஒரு முனகல். அருகிருந்த வைத்தியர் கைகளில் உயிரற்று வீழ்ந்தார். அவர் உடலைப் பல்லக்கு நாற்காலியில் வைத்து வீட்டிற்குச் சுமந்து சென்றனர். அவர் வந்த வண்டி ஆளின்றிப் பின்னே சென்றது. பாரிஸ் நகரத்தில் மேரி அன்டோனெட் அரசி கொலையுண்டதும் அதே நாளில்தான்.

மைத்துனர் எவரார்ட் ஹோம் என்பவர் உடலை அறுத்துப் பார்த்தனர். இருதய நாளங்கள் எலும்பாய் இறுகியிருந்தன. ஜென்னர் அஞ்சிச் சொல்லாமல் வைத்திருந்ததே உண்மையென்று அவருக்கு எழுதினார் ஹோம். ஹண்டர் விட்டுச்சென்ற செல்வம் அக்காட்சிப் பொருள்களே, கையிற் பணமில்லை. வில்லியம் கிளிஃப்ட் என்னும் பதினெட்டு வயது இளைஞர் வாரத்திற்கு ஏழு ஷில்லிங் கூலியில் அவற்றைக் காத்துக் கிடந்தார். 1799-இல் அரசாங்கத்தார் 15,000 பவுனுக்கு அவற்றை வாங்கினர். ஆசானின் கையெழுத்துப் பிரதிகளையோ ஹோம் 1823-இல் தீயிலிட்டுவிட்டார். கிளிஃப்ட் முன்னரே நகல் எடுத்து வைத்திருந்தவை மட்டும் எஞ்சின. எம் வயதினும் இளைய ஒருவர் செய்த அக்காவலை நினைக்குந்தோறும் எமக்கு நாணமும் பெருமிதமும் ஒருங்கே உண்டாகின்றன. 1859-இல் ஹண்டரின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திற்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யப்பட்டது.

இனி, சினம் இருதயத்தை எவ்வாறு கொல்லும் என்பதைச் சிறிது நோக்குவோம். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்த சுரப்பிகள் இரண்டுண்டு. வெகுளியோ அச்சமோ தோன்றியவுடன் அவை அட்ரினலின் என்னும் இரசத்தை இரத்தத்திற் கலக்கின்றன. நரம்புகளும் அதற்கினமானதொரு பொருளைச் சொரிகின்றன. அதனால் இருதயம் விரைந்தும் வலிந்தும் துடிக்கிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது; துடிப்பு மிகமிக இருதயத் தசைக்கு வேண்டும் பிராணவாயுவும் மிகுகிறது. நாளங்கள் நல்லனவாயின் மிகுதியான இரத்தம் வந்து அத்தேவையை நிரப்பும். ஹண்டரின் நாளங்கள்போல் இறுகியிருப்பின் வாராது. தேவைக்கும் வரவுக்கும் இடையே உள்ள அக்குறையே வலி. குறை மிகுந்தால் மரணம். 1948-இல் அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்பவர், அட்ரினலின் சென்று பற்றும் இடங்கள் ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும் என்றும், இருதயத்தைத் துரத்துவது பீட்டாவே என்றும் கூறினார். அதனைச் செவிமடுத்தார் மிகச் சிலரே.

செவிமடுத்தாருள் ஒருவர் ஜேம்ஸ் பிளாக். 1924-இல் இவர் பிறந்த அடிங்ஸ்டன் என்னும் ஊர், ஹண்டர் பிறந்த பண்ணையினின்றும் சில மைல் தொலைவே. இரண்டும் லானர்க்‌ஷயரைச் சார்ந்தன. இவருடைய தந்தையார் மோட்டார் விபத்தொன்றின் அதிர்ச்சியையடுத்து மாரடைப்பால் இறந்தார். மனம் அதிர்ந்தால் இருதயம் ஏன் நிற்கவேண்டும் என்ற வினா அவரை விட்டு நீங்கவில்லை. அதுகாறும் வைத்தியர் யாவரும் சுருங்கிய நாளத்தை விரித்து இரத்தத்தை மிகுவிக்கவே முயன்றுவந்தனர். பிளாக் மறுதலையாக எண்ணினார். வாய்க்கால் தூர்ந்து நீர் குறைந்துவிட்டதென்றால், நம் நாட்டு உழவர் நெல்லை விட்டுக் கேழ்வரகு விதைப்பர். வரவைக் கூட்ட இயலாதபோது தேவையைக் குறைப்பர். அதுவே பிளாக் கண்ட வழி. பீட்டா என்னும் இருக்கைகளில் வேறொரு பொருளை முன்னரே அமர்த்திவிட்டால், அட்ரினலின் வந்து நிற்குமேயன்றி அமர இடம் பெறாது. 1958-இல் ஐ.சி.ஐ. என்னும் கம்பெனியிற் சேர்ந்து ஆராய்ந்தார். முதலிற் செய்த மருந்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனலால் என்பதே நிலைத்தது. 1964-இல், அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறதென்று பிரிச்சார்டு, கில்லம் என்னும் இருவர் வெளியிட்டனர். 1988-இல் பிளாக் நோபெல் பரிசு பெற்றார், 2010-இல் காலமானார்.

பீட்டா பிளாக்கர் என்று இன்று வழங்கும் மருந்துகள் இவ்வினத்தவை. துடிப்பு மெலிதாகவும் மெதுவாகவும் நிகழ்வதால் இருதயத்தின் தேவை குறைகிறது. இரு துடிப்புக்களுக்கிடையே தளர்ந்திருக்கும் வேளையிலேதான் அதன் தசைக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்வதால், அவ்வேளை நீளும்போது வரவும் சற்றே கூடுகிறது. மாரடைப்பிற் பிழைத்த 3,837 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 1982-இல் வெளியான ஆராய்ச்சியில், புரோப்ரனலால் உண்டவருள் நூற்றுக்கு 7.2 பேரும், உண்ணாதாருள் 9.8 பேரும் இறந்தனர். தளர்ந்த இருதயத்திற்கு இது நஞ்சென்று நெடுங்காலம் அஞ்சினர். 1999-இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சிகள், மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தினால் அத்தகையோர்க்கும் ஆயுளை நீட்டும் என்று காட்டின. வேறு நோயின்றி இரத்த அழுத்தம் மட்டும் உடையார்க்கு முதன்முதல் இதனைக் கொடுக்கும் வழக்கம் இப்போது குறைந்து, வேறு மருந்துகளுக்கு முதலிடம் தரப்படுகிறது. ஆஞ்சைனாவோ தாறுமாறான துடிப்போ உடன் இருப்பின் இது தன் இடத்தைப் பெறுகிறது. ஆஸ்துமா உடையார்க்கும், துடிப்பு முன்னமே மிகக் குறைந்தார்க்கும் இது தீங்கு செய்யக்கூடும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழும்போது எச்சரிக்கும் படபடப்பை இது மறைத்துவிடும்.

எம் பாட்டனார் மெட்டோப்ரோலால் என்னும் மாத்திரையை ஆறு ஆண்டுகளாகக் காலைப் பலகாரத்தோடு உட்கொண்டு வருகிறார். ஆஞ்சைனாவும் இரத்தக் கொதிப்பும் அவருக்கு ஒருங்கே உண்டு. சென்ற ஆண்டில் உறவினர் திருமணத்திற்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. உடம்பு நன்றாயிருக்கிறதே என்று நான்கு நாள் வாளாவிருந்தார். ஐந்தாம் நாள் விடியலில் நெஞ்சு படபடத்து, மார்பை நெரித்து, வியர்த்துக் கொட்டியது. தக்க வேளையில் வைத்தியரிடம் கொண்டுசேர்த்ததால் பிழைத்தார். இம்மருந்து நெடுநாள் அடைத்து வைத்தமையால் அப்பீட்டா இருக்கைகள் பெருகிப் பசித்துக் கிடக்கும். திடீரென நிறுத்தினால் அட்ரினலின் முன்னினும் மூர்க்கமாய்ப் பாயும். ஆதலின் நிறுத்த வேண்டின் வைத்தியர் சொற்படி படிப்படியாகவே நிறுத்தல் வேண்டும் என்று அன்றுதான் யாம் கேட்டறிந்தோம். ஹண்டரைப் பற்றி யாம் படிக்கத் தொடங்கியதும் அவ்வைத்தியர் வாயினின்றும் அப்பெயரைக் கேட்ட பின்னரே.

பாட்டனாரின் சினம் இதனாற் குறைந்ததோ என்று கேட்பீராயின், இல்லை. சென்ற விடுமுறையில் யாம் ஊருக்குச் சென்றிருந்தபோது, அண்டை வீட்டார் ஆடு வேலியை முறித்துக் கத்தரிப் பாத்தியை மேய்ந்துவிட்டது. தெருவில் நின்று ஒரு நாழிகை நேரம் அவர்களோடு வாதாடினார். எவர் சொல்லியும் கேட்டிலர். யாம் அஞ்சி அருகிலேயே நின்றோம். பின்னர்த் தாமே திரும்பி வந்து, திண்ணையில் அமர்ந்து, மேற்றுண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடிக்க மோர் கேட்டார்.